கேளுங்க, சொல்றேன்: ஹைப்ரிட் கார் ஏசி கம்ப்ரஸரை வீட்லயே மாத்தலாமா?

போன இதழ்ல பெல்ட்ல ஓடுற சாதாரண கார் ஏசி கம்ப்ரஸரை கழட்டி மாட்டுறத பத்தி எழுதினதும் "எங்க வண்டி ஹைப்ரிட், அதுக்கும் இதே முறை தானா"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதே முறை இல்ல. அத ஒரு வரில சொல்லி முடிக்கவும் முடியாது, அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: சார், பதினஞ்சு வருஷமா என் வண்டிக்கு நானே தான் வேலை பாக்கறேன். ப்ரேக், க்ளட்ச், ரேடியேட்டர் எல்லாம் பண்ணிருக்கேன், பெல்ட் வண்டில ரெண்டு தடவை ஏசி கம்ப்ரஸர் கூட மாத்திருக்கேன். இப்ப கையில இருக்கறது ரெண்டாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸ். ஏசி போட்டா கரகரன்னு சத்தம், குளிர்ச்சியே இல்ல. கம்ப்ரஸர் போச்சுன்னு சொல்லிட்டாங்க. பாத்தா நாலஞ்சு போல்ட், ரெண்டு பைப்பு, ஒரு கனெக்டர், அவ்வளவு தான். நானே மாத்திடலாம்ல?

பதில்: போல்ட் கழட்டுற வேலைய மட்டும் பாத்தா, நீங்க இதுக்கு முன்னாடி பண்ணதவிட இது சுலபம். பெல்ட் கிடையாது, டென்ஷனர் கிடையாது, முன்னாடி க்ளட்ச் கிடையாது. ஆனா அந்த "ஒரு கனெக்டர்"னு சொன்னீங்க பாருங்க, அது ஆரஞ்சு கலர்ல இருக்கும். ஆரஞ்சுன்னா ஹை வோல்டேஜ். உங்க வண்டி பேட்டரில 168 செல், ஒவ்வொண்ணும் 1.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட் டிசி. ஆள கொல்றதுக்கு இது தாராளமா போதும்.

முதல் தலைமுறை ப்ரியஸ்ல கம்ப்ரஸர் எஞ்சின் பெல்ட்ல தான் ஓடுச்சு. 2003-ல வந்த ரெண்டாம் தலைமுறையில தான் அத எலக்ட்ரிக்கா மாத்தினாங்க, அதனால தான் சிக்னல்ல எஞ்சின் நின்னாலும் உங்களுக்கு ஏசி நிக்கறதில்ல. அந்த கம்ப்ரஸர் உள்ள ஒரு த்ரீ பேஸ் மோட்டார் இருக்கு, அது தனியா ஒரு டப்பால இல்ல, குளிர்ச்சி தர்ற அந்த கேஸுக்கும் ஆயிலுக்கும் நடுவுலயே முங்கி கெடக்குது. மோட்டாரோட காப்பர் சுத்து ஆயில்ல நனைஞ்சுகிட்டே இருக்கு. இந்த ஒரு விஷயத்த மனசுல வாங்கிட்டீங்கன்னா மீதி எல்லாம் ஏன் இப்படின்னு தானா புரிஞ்சுடும்: பெல்ட் வண்டில ஆயில் வெறும் ஆயில், ஹைப்ரிட்ல அந்த ஆயில் தான் கரண்ட் பாடிக்கு கசியாம தடுக்கற இன்சுலேஷன்ல ஒரு பகுதி.

என் கருத்த கேட்டா, வேலைய மூணா பிரிச்சுக்கோங்க. கேஸ வெளிய எடுக்கறது, திரும்ப வேக்கம் போட்டு, அதாவது பம்ப் வச்சு உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் இழுத்துட்டு, கேஸ் ஏத்தறது, இது ரெண்டையும் ஹைப்ரிட்டுக்கு ஏத்த மெஷின் வச்சிருக்கற வொர்க்‌ஷாப்ல குடுங்க. நடுவுல இருக்கற கழட்டி மாட்டுற வேலை உங்களோடது. ஏசி கேஸ் இல்லாம ஹைப்ரிட் நல்லாவே ஓடும், அதனால காலையில போய் கேஸ மெஷின்ல எடுத்துட்டு வீட்டுக்கு வந்து மாத்திட்டு, அன்னைக்கே திரும்ப ஓட்டிட்டு போய் ஏத்திக்கலாம். வழியில ஏசி பட்டன தொடாதீங்க, முன் கண்ணாடி பனி நீக்கற பட்டனையும் தொடாதீங்க, நிறைய வண்டில அத அமுக்கினா கம்ப்ரஸருக்கும் உத்தரவு போயிடும். கேஸ் இல்லன்னா ப்ரெஷர் சென்சார் பாத்து தடுக்கும்னாலும் அத நம்பி சோதிச்சு பாக்க வேண்டாம்.

இன்னொண்ணு, கம்ப்ரஸர் தான் போச்சுன்னு எப்படி முடிவு பண்ணாங்கன்னு கேட்டீங்களா? கரகர சத்தம் இருக்கறதால உங்க விஷயத்துல இருக்கலாம். ஆனா பொதுவா குளிரலன்னா முதல்ல கேபின் ஃபில்டர், கண்டென்சர் (கேஸோட சூட்ட வெளிய விடற பகுதி) ஃபேன், கேஸ் அளவு, வண்டி கம்ப்யூட்டர் பதிவு பண்ற பிழை எண்ண படிக்கற கோட் ரீடர்ல என்ன வருது, இத பாத்துட்டு தான் கம்ப்ரஸர் மேல கைய வைக்கணும். எல்லா ஹைப்ரிட்டும் ஒரே மாதிரியும் இல்ல, மோட்டார் எஞ்சினுக்கு சின்ன உதவி மட்டும் பண்ற மைல்டு ஹைப்ரிட் பலதுல சாதாரண பெல்ட் கம்ப்ரஸர் தான் இருக்கு, 2006 மாடல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட்ல பெல்ட்டும் மோட்டாரும் ரெண்டுமே சேந்து ஒரே கம்ப்ரஸர்ல இருந்துச்சு. அதனால பக்கத்து வீட்டு வண்டிய பாத்து உங்க வண்டிக்கு வேலை பாக்காதீங்க, உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல் கையில இல்லாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

கேள்வி: 12 வோல்ட் பேட்டரிய கழட்டிட்டா போதாதா? ஹை வோல்டேஜ் தானா ஆஃப் ஆயிடும்னு என் நண்பர் சொல்றார்.

பதில்: உங்க நண்பர் சொல்றதுல பாதி சரி. 12 வோல்ட் போயிட்டா பெரிய பேட்டரிய இணைக்கற ரிலே திறந்துக்கும், அது உண்மை. ஆனா அந்த ரிலே ஒட்டிக்கிட்டு இருந்தா? பேட்டரி கரண்ட மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்தற இன்வெர்ட்டர்ல, சார்ஜ சேத்து வைக்கற கெப்பாசிட்டர்ல இன்னும் சார்ஜ் நிக்குதுன்னா? ரிலே நல்லா இருக்கும்ங்கற நம்பிக்கைய வச்சு 200 வோல்ட் மேல கை வைக்கற வேலை எனக்கு சம்மதம் இல்ல.

நான் பண்ற வரிசைய அப்படியே சொல்றேன். வண்டிய ஆஃப் பண்ணிட்டு, வண்டி ஓட தயார்னு காட்டற ரெடி லைட் அணைஞ்சிருக்கான்னு பாத்துட்டு, ஸ்மார்ட் கீய வண்டில இருந்து நல்லா தள்ளி வேற அறையில வைக்கறது, யாரும் எடுத்து ஸ்டார்ட் பண்ணிட கூடாது. கோட் ஏதாவது இருந்தா இப்பவே எழுதி வச்சுக்கணும், ஏன்னா 12 வோல்ட் கழட்டினா சிலது அழிஞ்சுடும். அப்புறம் 12 வோல்ட் நெகட்டிவ் கழட்டறது. ரெண்டாம் தலைமுறை ப்ரியஸ்ல இந்த சின்ன பேட்டரி பின்னாடி டிக்கிலயே இருக்கு, டிக்கி கதவு கரண்ட்ல தான் திறக்கும், அதனால பேட்டரிய கழட்டிட்டு டிக்கிய மூடிட்டீங்கன்னா, பெரிய பேட்டரிய துண்டிக்கறதுக்கு உருவற சர்வீஸ் ப்ளக்குக்கும் போக முடியாம நிப்பீங்க, திறந்தே வைங்க. அப்புறம் கைல 1000 வோல்ட் தாங்கற க்ளாஸ் 0 ரப்பர் க்ளவுஸ், அது மேல தோல் க்ளவுஸ். ரப்பர் க்ளவுஸ போடறதுக்கு முன்னாடி மணிக்கட்டு பக்கத்துல இருந்து சுருட்டி உள்ள காத்த அடைச்சு பாக்கணும், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் காத்து இறங்கும், இறங்கினா அது க்ளவுஸே இல்ல, தூக்கி போட்டுடுங்க. க்ளவுஸ்ல டெஸ்ட் பண்ண தேதி அச்சடிச்சிருக்கும், 6 மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணதா இருக்கணும். மோதிரம், வாட்ச், கழுத்து செயின் எல்லாம் முன்னாடியே கழட்டி உள்ள வச்சிடுங்க. இவ்வளவும் ஆனப்புறம் ஆரஞ்சு சர்வீஸ் ப்ளக்க உருவி என் பாக்கெட்டுல போட்டுக்குவேன், வண்டில வைக்கமாட்டேன், அது என் உடம்போடயே இருந்தா தான் வேற யாரும் மாட்டமாட்டாங்கன்னு எனக்கு நிச்சயம்.

அதுக்கப்புறம் காத்திருக்கணும். கெப்பாசிட்டர் இறங்கறதுக்கு சில மேனுவல்ல 5 நிமிஷம் போட்டிருக்கும், சிலதுல 10 நிமிஷம், நான் 10 நிமிஷத்துக்கு கீழ போறதே இல்ல. காத்திருந்தா மட்டும் போதாது, அளந்து பாக்கணும். கேட் 3, 1000 வோல்ட்னு எழுதியிருக்கற மல்டிமீட்டர எடுத்து, முதல்ல 12 வோல்ட் பேட்டரில வச்சு மீட்டர் வேலை செய்யுதான்னு பாருங்க, அப்புறம் க்ளவுஸோடவே மேனுவல் காட்டற ஹை வோல்டேஜ் டெர்மினல்ல வச்சு பூஜ்யம் வருதான்னு பாருங்க, திரும்பவும் 12 வோல்ட்ல வச்சு பாருங்க. நடுவுல மீட்டர் செத்து போயி பூஜ்யம் காட்டிருந்தா இந்த மூணாவது சோதனையில தான் தெரியும். நிறைய பேர் இத விட்டுடறாங்க. விடாதீங்க. மூணாம் தலைமுறை ப்ரியஸ் மாதிரி வண்டில இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மேலயே ஒட்டி இருக்கும், அதுக்குள்ளயும் கெப்பாசிட்டர் இருக்கு, அங்கயும் அளந்துட்டு தான் கைய வைக்கணும். கனெக்டர பிரிச்சதும் ரெண்டு முனையையும் இன்சுலேஷன் டேப் சுத்தி மூடிடுங்க, தூசிக்காகவும் தான், உங்களுக்காகவும் தான்.

கேள்வி: என் மாமா வண்டி ஹைப்ரிட். போன மாசம் ஒரு கடைல கம்ப்ரஸர் மாத்தினாங்க, ஏசி சூப்பரா குளிர்ந்துச்சு. பத்து நாள் கழிச்சு டேஷ்போர்டுல எச்சரிக்கை முக்கோணம் வந்து வண்டி ஆஃப் பண்ணா திரும்ப ரெடி ஆகவே மாட்டேங்குது. ஸ்கேன்ல பி0ஏஏ6, அதுக்கு கீழ 611னு வருது. பேட்டரி போச்சுன்னு சொல்றாங்க. நிஜமா?

பதில்: பேட்டரிய மாத்திடாதீங்க, தயவு செஞ்சு மாமா கிட்ட இன்னைக்கே சொல்லுங்க. பி0ஏஏ6ன்னா ஹை வோல்டேஜ் பக்கத்துல இருந்து வண்டி பாடிக்கு கரண்ட் கசியுதுன்னு அர்த்தம். எங்க கசியுதுன்னு சொல்றது தான் டொயோட்டாவுல அதுக்கு கீழ வர்ற எண். 612 வந்தா பேட்டரி பக்கம், 613 வந்தா கியர்பாக்ஸ்ல இருக்கற மோட்டார் பக்கம், 611ன்னா ஏசி பக்கம். உங்களுக்கு வந்திருக்கறது ஏசி. கம்ப்ரஸர் மாத்தி பத்து நாள்ல வந்திருக்குன்னா நான் முதல்ல சந்தேகப்படறது ஆயில.

பெல்ட் வண்டிகள்ல பெரும்பாலும் பி.ஏ.ஜி ஆயில் போடுவாங்க. டென்ஸோ கம்பெனி எலக்ட்ரிக் கம்ப்ரஸருக்கு என்.டி-11னு ஒரு ஆயில், அது பி.ஓ.இ வகை. பி.ஓ.இ கரண்ட கடத்தாது, பி.ஏ.ஜி அந்த அளவுக்கு தடுக்காது, போதாததுக்கு காத்துல இருக்கற ஈரத்த பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கும். மோட்டார் சுத்து அந்த கலப்பு ஆயில்ல முங்கினதும் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் இறங்க ஆரம்பிக்கும். உடனே ஒண்ணும் தெரியாது, குளிர்ச்சி நல்லா தான் இருக்கும், ஏன்னா குளிர்ச்சிக்கும் அந்த தப்புக்கும் சம்பந்தமே இல்ல. அளவுக்கு கீழ இறங்கின அன்னைக்கு கம்ப்யூட்டர் பாத்துட்டு வண்டிய ரெடி ஆக விடாது. அது வண்டிய முடக்கறதுக்காக இல்ல, நீங்க பாடிய தொடும்போது உங்க மேல கரண்ட் வரக்கூடாதுன்னு தான்.

வேணும்னே யாரும் தப்பு ஆயில் ஊத்த மாட்டாங்க. அது வர்ற வழிய கேளுங்க: காலையில அதே கேஸ் மெஷின்ல ஒரு பெல்ட் வண்டிக்கு வேலை பாத்திருப்பாங்க, அந்த ஹோஸ்ல ஒட்டியிருந்த பி.ஏ.ஜி ஆயில் சாயங்காலம் உங்க ஹைப்ரிட்டுக்குள்ள போயிருக்கும். லீக் கண்டுபிடிக்க ஊத்துற கலர் டை பலதும் பி.ஏ.ஜி ஆயில்ல கரைச்சது. கேஸ் அழுத்தம் பாக்கற கேஜ் செட்ட கடன் வாங்கிட்டு வந்திருப்பாங்க, ஓ-ரிங்க்கு தடவுற ரெண்டு சொட்டு கூட பழைய பாட்டில்ல இருந்து எடுத்திருப்பாங்க. அதனால தான் முதல் பதில்ல ஹைப்ரிட்டுக்கு ஏத்த மெஷின்னு அழுத்தி சொன்னேன். வொர்க்‌ஷாப்ல போய் வெக்கப்படாம கேளுங்க, "ஹைப்ரிட்டுக்கு தனி ஹோஸ் இருக்கா, இல்லன்னா ஹோஸ கேஸ் விட்டு கழுவற வசதி மெஷின்ல இருக்கா"ன்னு. பதில் தெளிவா வரலன்னா வண்டிய திருப்பிடுங்க.

மாமா வண்டிக்கு இப்ப என்ன பண்றதுன்னா, கம்ப்ரஸரோட ஹை வோல்டேஜ் கனெக்டர பிரிச்சு வச்சு இன்சுலேஷன் டெஸ்டர்ல அளந்து பாக்க தெரிஞ்ச ஹைப்ரிட் மெக்கானிக்க பிடிங்க. இன்வெர்ட்டர் சேந்த கம்ப்ரஸரா இருந்தா மேனுவல் சொல்ற முறையில தான் அளக்கணும், கண்டபடி 500 வோல்ட் மெகர (அதுவும் இன்சுலேஷன் டெஸ்டர் தான்) வச்சா உள்ள இருக்கற எலக்ட்ரானிக்ஸ் போயிடும். ஆயில் கலப்புன்னு உறுதியானா கம்ப்ரஸர் மட்டும் மாத்தினா போதாது, கண்டென்சர்லயும், கேபின் காத்த குளிர வைக்கற எவாப்பரேட்டர்லயும், பைப்புலயும் அந்த ஆயில் உக்காந்திருக்கு, புதுசயும் அது கெடுத்துடும். வேதனையான செலவு தான், எனக்கு தெரியும். ஆனா பாதி பண்ணிட்டு விட்டா ரெண்டு தடவை செலவு.

கேள்வி: புது கம்ப்ரஸர்ல ஆயில் ஊத்தியே வருமா, நாம ஊத்தணுமா? எவ்வளவு?

பதில்: பெரும்பாலும் ஊத்தியே வரும், அதுவும் மொத்த சிஸ்டத்துக்கும் வேண்டிய அளவுல. ஆனா உங்க பழைய ஆயில்ல கொஞ்சம் கண்டென்சர்லயும் எவாப்பரேட்டர்லயும் ஏற்கனவே தங்கியிருக்கே, அதோட இதுவும் சேந்தா ஆயில் அதிகமாயிடும், அதிகமானா குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் சுமை. அதனால பழைய கம்ப்ரஸர கவுத்து, கையால சுத்த முடிஞ்சா சுத்தி, உள்ள இருந்து வர்ற ஆயில அளவு போட்ட கப்புல பிடிச்சு அளந்துக்கோங்க. புதுசுல இருக்கற அளவுல இருந்து இத கழிச்சா வர்றது எவ்வளவோ அத புதுசுல இருந்து வெளிய எடுத்துடணும். உதாரணத்துக்கு புதுசுல 120 மில்லி, பழசுல இருந்து வந்தது 70 மில்லின்னா, 50 மில்லிய எடுத்துடணும். மேனுவல்ல இதுக்கு தனி கணக்கு போட்டிருந்தா அத பாருங்க, லேபிள்ல எந்த ஆயில் எழுதியிருக்கோ அத தவிர எதையும் பக்கத்துல கூட வைக்காதீங்க. பழசுல இருந்து வந்த ஆயில் கருப்பா, மினுமினுன்னு இரும்பு தூளோட இருந்தா இந்த கணக்கெல்லாம் செல்லாது, அடுத்த பதில பாருங்க.

பி.ஓ.இ-யும் ஈரம் குடிக்கற ஆயில் தான், அத மறந்துடாதீங்க. ஈரம் சேந்தா அது ஆசிடா மாறி காப்பர் கம்பி மேல இருக்கற வார்னிஷ அரிக்கும். டின்ன திறந்தா மூடி வைங்க, போன வருஷம் திறந்த டின் வேண்டாம். புது கம்ப்ரஸரோட மூடிய பைப்ப மாட்ட போற அந்த நிமிஷம் வரைக்கும் கழட்டக்கூடாது.

கேள்வி: கம்ப்ரஸர் மட்டும் மாத்தினா போதுமா? கடைக்காரர் கண்டென்சர், ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாம் சேத்து வாங்க சொல்றார். ஏமாத்தறாரோன்னு தோணுது.

பதில்: எல்லா நேரமும் ஏமாத்து இல்ல. உங்க பழைய கம்ப்ரஸர் எப்படி செத்துச்சுங்கறத பொறுத்தது. எலக்ட்ரிகலா போயிருந்து ஆயில் தெளிவா இருந்தா ட்ரையரும் ஓ-ரிங்கும் மட்டும் போதும். ட்ரையர், அதாவது ஈரம் உறிஞ்சற மணி இருக்கற பகுதி, சிஸ்டத்த திறந்தாலே மாத்திடணும், அதுல விவாதமே வேண்டாம். சில வண்டில அது கண்டென்சர் பக்கத்துலயே ஒட்டின குழாய்க்குள்ள இருக்கும்.

ஆனா உள்ள கேஸ அமுக்கற சுருள் தகடு (ஸ்க்ரோல்) ரெண்டும் உரசி தேஞ்சு தூளாயிருந்தா அந்த தூள் முதல்ல போய் உக்கார்ற எடம் கண்டென்சர். இப்ப வர்ற கண்டென்சர்ல குழாய் உள்ள தலைமுடி மாதிரி நுண்ணிய வழிகள், அத எந்த திரவம் விட்டு கழுவினாலும் முழுசா சுத்தமாகாது, திரவம் அடைப்பில்லாத வழியா போயிட்டு வந்துடும், அடைச்ச வழி அடைச்சபடியே இருக்கும். அப்ப கண்டென்சரும், திரவத்தோட அழுத்தத்த குறைச்சு விடற எக்ஸ்பான்ஷன் வால்வும் மாத்தி தான் ஆகணும். கழட்டின பைப்ப ஒரு வெள்ள துணில தட்டி பாருங்க, துணியே பதில் சொல்லிடும். முதல் கேள்வி கேட்ட நண்பரே, உங்க வண்டில கரகர சத்தம்னு எழுதியிருந்தீங்க, நீங்க இத கட்டாயம் பாருங்க.

கேள்வி: பழைய வண்டி உடைக்கற எடத்துல அதே மாடல் கம்ப்ரஸர் கிடைக்குது. வாங்கலாமா?

பதில்: ரெண்டு வாயும் மூடி போட்டு அடைச்சிருந்தா யோசிக்கலாம், திறந்து கெடந்தா வேண்டாம். பல நாள் ஈரக்காத்த குடிச்ச ஆயிலோட ஒரு மோட்டார உங்க ஹை வோல்டேஜ் லைன்ல இணைக்கறீங்க, அதான் விஷயம். அடைச்சிருந்தாலும் மாட்டறதுக்கு முன்னாடி இன்சுலேஷன் அளந்துட்டு மாட்டுங்க.

கேள்வி: கேஸ வெளிய எடுக்க மெஷின் எதுக்கு, வால்வ அமுக்கினா தானா போயிடுமே? அப்புறம் கேன்ல விக்கற கேஸ வாங்கி நானே ஏத்திக்கலாமா?

பதில்: ரெண்டுக்குமே வேண்டாம்னு தான் சொல்வேன், காரணத்தோட சொல்றேன். ஏசில இருக்கற ஆர்-134ஏ கேஸ் ஒரு கிலோ வெளிய போனா அது 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு பூமிய சூடாக்கும். உங்க வண்டில அரை கிலோ இருக்குன்னு வச்சுக்கோங்க, அத அமுக்கி விடறது 300 லிட்டர் பெட்ரோல எரிச்சு புகைய விடறதுக்கு சமம், அஞ்சு நிமிஷத்துல. பெட்ரோல் மிச்சம் பண்ணணும்னு ஹைப்ரிட் வாங்கிட்டு இத பண்ண மனசு வரக்கூடாது. 2016-ல கிகாலில உலக நாடுகள் கூடி இந்த வகை கேஸ குறைக்கறதுக்குன்னே ஒப்பந்தம் போட்டிருக்காங்க, பல நாட்டுல இப்படி திறந்து விடறது சட்டப்படி குத்தம். அது போக அந்த திரவம் மைனஸ் 26 டிகிரில கொதிக்கும், தோல்ல பட்டா அந்த எடம் உறைஞ்சு புண்ணாயிடும், கண்ணுல பட்டா பார்வையே போகலாம். நெருப்புல பட்டா நச்சு வாயுவாகும். புது வண்டிகள்ல வர்ற ஆர்-1234ஒய்எஃப் தீப்பிடிக்கவும் செய்யும்.

கேன் விஷயம் இன்னும் மோசம். கடையில கிடைக்கற கேன் பலதுல கேஸோட பி.ஏ.ஜி ஆயில் சேந்திருக்கும், சிலதுல லீக்க அடைக்கற பசையும் இருக்கும். ரெண்டுமே உங்க கம்ப்ரஸருக்கு விஷம். கேஜ மட்டும் பாத்து ஏத்தறதும் தப்பு, 30 டிகிரி வெயில்ல நிறுத்தி வச்ச வண்டில ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும், உள்ள முழு அளவு இருந்தாலும் அதே 97, பாதி இருந்தாலும் அதே 97, கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கற வரைக்கும் அழுத்தம் மாறாது. அதனால எடை போட்டு தான் ஏத்தணும், பானட்டுக்கு கீழ ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு இருக்கும்.

வேக்கம் பத்தியும் இங்கயே சொல்லிடறேன். காத்த எடுக்கறதுக்கு மட்டும் இல்ல அது, உள்ள ஒட்டியிருக்கற ஈரத்த கொதிக்க வச்சு ஆவியா இழுக்கறதுக்கு. 25 டிகிரில தண்ணி கொதிக்கணும்னா அழுத்தம் 24 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு கீழ இறங்கணும், சாதாரண காத்தழுத்தம் 760. வொர்க்‌ஷாப்ல பத்து நிமிஷத்துல முடிக்க பாத்தா விடாதீங்க, குறைஞ்சது அரை மணி இழுத்துட்டு, பம்ப நிறுத்தி முள்ளு ஏறுதான்னு பாக்க சொல்லுங்க. வேக்கத்துல இருக்கும்போது கம்ப்ரஸர ஓட்டவே கூடாது, கேஸ் இல்லாத வெற்றிடத்துல மோட்டார் சுத்துக்குள்ள பொறி தாவிடும், அன்னைக்கு மாட்டின புது கம்ப்ரஸர் அன்னைக்கே போகும்.

கேள்வி: அண்ணா, என் கணவர் இந்த வேலைய வீட்ல கார் நிறுத்தற எடத்துலயே பண்ண போறேன்னு நிக்கறார். சொன்னா கேக்க மாட்டார். ரெண்டு சின்ன பசங்க இருக்காங்க. எனக்கு பயமா இருக்கு, நான் என்ன பாத்துக்கணும்?

பதில்: சகோதரி, உங்க பயம் நியாயமானது. முதல்ல உங்க கணவர் கிட்ட இந்த பக்கத்த குடுத்து ரெண்டாவது பதில படிக்க சொல்லுங்க, க்ளவுஸும் மீட்டரும் வாங்கிட்டாரான்னு கேளுங்க. வாங்கலன்னா வேலை இன்னைக்கு இல்ல, அதுல உறுதியா நில்லுங்க. ஸ்மார்ட் கீ உங்க பொறுப்புல, வண்டிய விட்டு தள்ளி இருக்கட்டும், அவர் கேட்டாலும் சர்வீஸ் ப்ளக் திரும்ப மாட்டற வரைக்கும் குடுக்காதீங்க. பசங்கள வேற யார் வீட்டுலயாவது விட்டுடுங்க, ஆரஞ்சு வயர் குழந்தைகளுக்கு விளையாட்டு சாமான் மாதிரி தெரியும்.

அவர் தனியா வேலை பாக்கக்கூடாது, நீங்களோ வேற பெரியவங்களோ பேச்சு கேக்கற தூரத்துல இருக்கணும். அவருக்கு ஷாக் அடிச்சு ஒட்டிக்கிட்டா கையால பிடிச்சு இழுக்காதீங்க, உங்களையும் பிடிச்சுக்கும். காஞ்ச மரக்கட்டையால தள்ளி விலக்கிட்டு உடனே ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, மூச்சு இல்லன்னா நெஞ்ச அமுக்கி சிபிஆர் ஆரம்பிக்கணும். சிபிஆர் தெரியாதுன்னா வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கத்துக்கோங்க, நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை அழுத்தமா. ஷாக் அடிச்சு "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு எழுந்து உக்காந்தாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, இதயத் துடிப்பு பிறகு தடுமாற வாய்ப்பு இருக்கு. அப்புறம் மூடின எடத்துல வேண்டாம், அந்த கேஸ் காத்தவிட கனம், தரையோட தேங்கி மூச்சு முட்டும், கதவு திறந்தே இருக்கட்டும்.

கேள்வி: கம்ப்ரஸர் மாத்தியாச்சு, எல்லாம் மாட்டியாச்சு, ஆனா வண்டி ரெடி ஆக மாட்டேங்குது. கோட் பி0ஏ0டி. திரும்ப எல்லாத்தையும் கழட்டணுமா?

பதில்: கழட்டாதீங்க. அது இன்டர்லாக் கோட், ஹை வோல்டேஜ் லைன்ல ஏதோ ஒரு கனெக்டரோ ப்ளக்கோ முழுசா பூட்டலன்னு அர்த்தம். முதல்ல சர்வீஸ் ப்ளக்க போய் பாருங்க. ப்ரியஸ்ல அத மாட்டறதுக்கு மூணு அசைவு: உள்ள தள்ளணும், பிடிய மேல திருப்பணும், அப்புறம் கீழ ஒரு தடவை இழுத்து பூட்டணும். ரெண்டாவது அசைவோட பிடி நிமிந்து நின்னுடும், பாத்தா மாட்டின மாதிரியே இருக்கும். எனக்கே முதல் தடவை இது நடந்தது, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கம்ப்ரஸர் கனெக்டரயே திரும்ப திரும்ப பாத்துட்டு இருந்தேன், மேனுவல்ல அந்த மூணாவது படத்த பாத்தப்புறம் தான் விளங்குச்சு. ப்ளக்குல குறை இல்லன்னா, க்ளவுஸ் போட்டு, மொதல்ல இருந்து அதே வரிசையில கரண்ட துண்டிச்சு அளந்துட்டு, கம்ப்ரஸர் பக்கத்து ஆரஞ்சு கனெக்டரோட பூட்டு கடைசி வரைக்கும் போயிருக்கான்னு பாருங்க. கோட அழிச்சுட்டு ரெடி ஆச்சுன்னா, 12 வோல்ட் கழட்டினதால பவர் விண்டோ தானா ஏறி இறங்கறது மறந்து போயிருக்கும், ஒவ்வொரு கண்ணாடியையும் முழுசா ஏத்தி பட்டன கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோங்க, சரியாயிடும்.